அகராதியைத் திறப்பதற்கு முன்

வட்டார வழக்கில் எழுதப்பட்ட கதைகளில் தெரியாத சொல் எதிர்ப்பட்டால், உடனே அகராதியைத் தேடாமல் அந்த வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை வாசித்துவிடுங்கள். தமிழில் வினை பெரும்பாலும் இறுதியில் வருவதால், பொருளுக்கான தடயமும் பல நேரங்களில் அங்கேதான் இருக்கும்.

“விடிவதற்குள் கமலை பூட்டிவிட்டார், மாடுகள் சரிவில் இறங்க இறங்க, வடம் இறுகிச் சால் நிரம்பி மேலே வந்தது” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஏர் பூட்டுவதையும் வண்டி பூட்டுவதையும் அறிந்தவருக்கு, கமலை என்பதும் மாடு கட்டி இயக்கும் ஒன்று என்பது ‘பூட்டிவிட்டார்’ என்ற வினையிலேயே தெரிந்துவிடும். தேர் வடத்தை நினைத்தால் வடம் என்பது தடித்த கயிறு எனப் புரியும். நிரம்பி மேலே வருவதால் சால் என்பது ஏதோ ஒரு பாத்திரமாகத்தான் இருக்க வேண்டும். அது ஆழத்திலிருந்து வருவதால் அங்கே ஒரு கிணறு இருக்கிறது. ஆகவே கமலை என்பது மாடுகளைக் கொண்டு நீர் இறைக்கும் அமைப்பு. முதலில் வந்த சொல் கடைசியில்தான் முழுதாக விளங்குகிறது என்பதைக் கவனியுங்கள்.

கண்டுபிடித்த பொருளை அடுத்த இடத்திலும் பொருத்திப் பார்க்க வேண்டும். அதே கதையில், “முதல் சால் ஓட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது” என்று வந்தால் பாத்திரம் பொருந்தாது. இங்கே சால் என்பது கலப்பை கீறிச் செல்லும் கோடு.

சொல்லின் ஈறும் உதவும். யாழ்ப்பாணத்துக் கதையொன்றில், “கெதியாய் வா, பஸ் போகப்போகுது” என்று ஒருவர் அழைத்தால், ‘ஆய்’ என்ற ஈற்றைக் கொண்டு அது வரும் விதத்தைச் சொல்கிறது என்றும், புறப்படப்போகும் பஸ்ஸைக் கொண்டு ‘விரைவாக’ என்பதே பொருள் என்றும் அறியலாம்.

இப்படி ஊகித்த சொற்களைப் பென்சிலால் குறித்துவைத்து, அத்தியாயம் முடிந்தபின் ஒருசேரச் சரிபார்ப்பது நல்லது. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் அகராதியாக இருந்தால், சொல் புழங்கும் விதமும் பிடிபடும்.

என் அனுபவத்தில், அறியாத சொல்லைவிட அறிந்ததுபோல் தோன்றும் சொல்லே அதிகம் ஏமாற்றுகிறது. பழம்பாடல்களில் நாற்றம் என்பது நறுமணத்தையும் குறிக்கும்; பூவும் கூந்தலும் அருகில் இருந்தால் சற்று நின்று யோசிக்க வேண்டும். சொத்துப் பத்திரத்தில் வரும் ‘வில்லங்கம்’ வீட்டுச் சண்டையைக் குறிப்பதன்று, அடமானம் போன்ற பாத்தியதைகளைக் குறிப்பது. அத்தகைய ஆவணங்களில் ஊகத்தை நம்பாமல், கையெழுத்திடுவதற்கு முன்பே விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிட வேண்டும்.