டெஸ்மோபிரெசின்: மூக்குத் தெளிப்பிலும் குளிசையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் என்னும் ஹோர்மோன் மூளையடிச் சுரப்பியிலிருந்து போதியளவு கிடைக்காததால் வரும் மத்திய டயபிட்டீஸ் இன்சிபிடஸுக்கும் சலரோகத்துக்கும் தொடர்பில்லை. இதில் சீனி கூடுவதில்லை, சிறுநீர்தான் அளவுகடந்து போகிறது. இதற்கான டெஸ்மோபிரெசின் மூக்கில் தெளிக்கும் மருந்தாகவும் குளிசையாகவும் வருகிறது. ஒன்று தட்டுப்பாடாகி மற்றதற்கு மாறும்போதுதான் பெரும்பாலும் பிழை நேர்கிறது.

அளவின் எண்ணை அப்படியே மாற்றிக்கொள்வது எல்லாவற்றிலும் பெரிய தவறு. தெளித்த மருந்தில் நூற்றுக்குச் சில பங்கே குருதியில் சேர்கிறது. விழுங்கிய குளிசையிலோ ஒரு பங்குகூடச் சேர்வதில்லை. அதனால் 10 மைக்ரோகிராம் தெளிப்புக்கு ஏறத்தாழ 200 மைக்ரோகிராம் குளிசை ஈடாகக் கொள்ளப்படுகிறது. அதுவும் தொடக்கக் கணக்குத்தான். ஆளுக்கு ஆள் மாறுவதால் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். பெட்டியில் 0.1 மில்லிகிராம் என்றிருந்தால் அது 100 மைக்ரோகிராம் என்பதையும் கவனியுங்கள்.

தலையை அதிகமாகப் பின்னால் சாய்த்துத் தெளித்தால் மருந்து தொண்டைக்குள் வழிந்து வீணாகும். புதுக் குப்பியை, மெல்லிய புகார்போல் வரும்வரை காற்றில் அழுத்திப் பார்த்த பின்பே மூக்கில் வையுங்கள். தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருக்கும் நாட்களில் தெளிப்பு சரியாக உறிஞ்சப்படாது. அந்நாட்களுக்குக் குளிசை பொருத்தமா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. குளிசையை ஒரு நாள் வெறும் வயிற்றிலும் மறுநாள் சோற்றோடும் எடுக்க வேண்டாம், உணவு உறிஞ்சலைக் குறைக்கும்.

திருகோணமலையில் கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில், வெயிலுக்கு நல்லதென்று தாகமில்லாமலே தண்ணீரும் இளநீரும் குடிக்கச் சொல்வார்கள். அன்பாகச் சொல்லும் அந்த ஆலோசனை டெஸ்மோபிரெசின் எடுப்பவருக்கு ஆபத்தாகலாம். மருந்து சிறுநீரைத் தடுத்து வைத்திருக்கையில் குடித்ததெல்லாம் உடலிலேயே தங்கி, குருதியில் சோடியம் இறங்கும். தலையிடி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரைக்கும் போகலாம். தாகத்துக்கு மட்டும் குடியுங்கள். முந்திய வேளை மருந்தின் வேகம் தணிந்து சிறுநீர் தாராளமாகப் போன பிறகு அடுத்ததை எடுக்கும் முறையைப் பல வைத்தியர்கள் பரிந்துரைப்பது, மிகுதி நீர் வெளியேறட்டும் என்பதற்காகவே.

வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தாலும், விரதமோ நோன்போ இருக்க நினைத்தாலும் முதலில் கிளினிக்கில் கேளுங்கள். வேறு நோய்க்காக வாட்டில் அனுமதிக்கப்பட்டால், இந்த மருந்தை ஒரு வேளையும் தவறவிடக்கூடாது என்பதை உடன் செல்பவர் தாதியிடமும் வைத்தியரிடமும் நேரில் சொல்ல வேண்டும்.