கேட்கக் கூச்சப்படும் சங்கங்கள்: நிதி திரட்டலிலும் தொண்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் என்று மும்பையில் தமிழர்கள் சேர்ந்து வாழும் பகுதிகளில் இயங்கும் சிறு சேவைச் சங்கங்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் சறுக்குவதில்லை. தெரிந்தவரிடம் கணக்குக் கேட்டால் அவரைச் சந்தேகிப்பதாகிவிடுமே என்ற கூச்சத்தால்தான் சறுக்குகின்றன. உதவி பெறப்போகிறவரிடம் என்ன வேண்டும் என்று கேட்பதற்கும் இதே கூச்சம் குறுக்கே நிற்கிறது.

முதல் தவறு வங்கிக் கணக்கிலேயே தொடங்கிவிடுகிறது. சங்கத்தின் பெயரில் கணக்குத் தொடங்க அலைய வேண்டியிருக்கிறது என்பதற்காகப் பொருளாளரின் சொந்த யுபிஐ எண்ணையே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவருடைய சம்பளமும் மளிகைச் செலவும் புழங்கும் கணக்கில் ஊரார் பணம் கலந்துவிட்ட பிறகு எது எவருடையது என்று பிரித்துக் காட்ட அவராலேயே முடியாது; நாளை வருமான வரித் துறை கேட்டாலும், அவருக்கே ஏதேனும் நேர்ந்துவிட்டாலும், குடும்பமும் சங்கமும் சேர்ந்தே திண்டாடும். சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு, அதில் இருவர் கையெழுத்து, வரிசை எண்ணிட்ட ரசீதுப் புத்தகம், அதன் அடிக்கட்டையைப் பொருளாளர் அல்லாத ஒருவர் மாதந்தோறும் வங்கி அறிக்கையோடு ஒப்பிடுவது ஆகியவை இல்லாமல் உண்டியலைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்தது, திரட்டிய பணத்திலிருந்தே மண்டப வாடகை, பொன்னாடை, தேநீர், நிர்வாகிகளின் ஆட்டோச் செலவு எல்லாவற்றையும் கழித்துக்கொள்வது. ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. 1917-இல் தொடங்கிய லயன்ஸ் இயக்கம் பொதுமக்களிடம் திரட்டிய பணத்தைச் சங்க நிர்வாகத்துக்குச் செலவிடக் கூடாது என்று விதித்து, உறுப்பினர் சந்தாவில் நடக்கும் நிர்வாகக் கணக்கையும் சேவைக் கணக்கையும் தனித்தனியே வைக்கச் சொல்கிறது. எந்த இயக்கத்தையும் சேராத பத்துப் பேர் கொண்ட குழுவும் இந்த ஒரு விதியைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

சட்டத்தையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். மகாராஷ்டிரத்தில் பதிவு பெறாத குழு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்டுவது 1950-ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. பதிவு பெறாத கணபதி மண்டல்கள், அதாவது விநாயகர் சதுர்த்தி விழாக் குழுக்கள், ஆண்டுதோறும் அறநிலைய ஆணையர் அலுவலகத்தில் அனுமதி வாங்குவது இதனால்தான். 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிச்சலுகை, அதற்கென ஒப்புதல் பெற்ற அமைப்புகளுக்குத் தரும் கொடைக்கு மட்டுமே கிடைக்கும்; 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது; புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அறவே கிடையாது. இதையெல்லாம் விசாரிக்காமல் ‘சார், டாக்ஸ் பெனிபிட் உண்டு’ என்று வாசலில் நின்று வாக்குக் கொடுப்பவர் சங்கத்தின் பெயரைத்தான் அடகு வைக்கிறார். துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணமும், அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட மருமகன் அனுப்பும் பணமும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. பின்னது வெளிநாட்டு நன்கொடை என்பதால் அதற்குரிய பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது.

கொடுக்கும் இடத்தில் நடக்கும் தவறுகள் இன்னும் வருத்தம் தருபவை. இங்கே பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கின்றன. ஆனால் கொடியேற்றத்தோடு சேர்த்துப் படம் எடுக்க வசதி என்று பல சங்கங்கள் நோட்டுப் புத்தகங்களை ஆகஸ்ட் 15 அன்று வழங்குகின்றன. மேலும், தமிழ் வழி உட்பட மாநகராட்சிப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்குச் சீருடை, காலணி, பை, நோட்டு என 27 வகைப் பொருள்களை மாநகராட்சியே இலவசமாகத் தரும் திட்டம் உண்டு. தலைமை ஆசிரியரை ஒரு முறை பார்த்துப் பேசியிருந்தால், நோட்டைவிட மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு ஆள் கிடைத்தால் நல்லது என்று அவர் சொல்லியிருக்கக்கூடும். குழந்தைகள் இல்லங்களுக்குச் செல்வோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தைப் படமாகவோ பெயராகவோ வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது.

இரத்ததான முகாமில் எண்ணிக்கை மோகம் ஒரு தனி நோய். சிவப்பணுக்களை ஏறத்தாழ 35 முதல் 42 நாள் வரையிலும், தட்டணுக்களை 5 நாள் மட்டுமே வைத்திருக்க முடியும் என்பதால், தலைவர் பிறந்தநாளன்று ஒரே மூச்சில் 300 பை சேர்ப்பதைவிட, கல்லூரிகள் மூடி, நம்மவர் திருநெல்வேலிக்கும் சேலத்துக்கும் ரயிலேறிவிடும் மே மாதத்தில் 40 பை தருவது பயனுள்ளது. எப்போது, எந்த வகை தேவை என்று உரிமம் பெற்ற இரத்த வங்கியிடம் கேட்டுவிட்டே நாள் குறிக்க வேண்டும். பரிசுப் பொருளைக் காட்டி ஆள் சேர்த்தால், அதற்காகவே தன் உடல்நிலையை மறைப்பவரும் வரக்கூடும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராமுக்குக் குறைந்தவர், கொடுத்து 90 நாள் ஆகாத ஆண், 120 நாள் ஆகாத பெண் ஆகியோரைத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். ஆனால் அதை வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி சொல்லாமல், தனியே அழைத்துச் சொல்லி, மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் ஒரு மூத்த தொண்டரை அந்த மேசையருகே அமர்த்துவது சங்கத்தின் பொறுப்பு.

தொண்டர்களின் நேரத்தை இலவசம் என்று நினைப்பதும் தவறுதான். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லும் முன், அன்று மத்திய ரயில்வேயின் முதன்மைப் பாதையிலும் ஹார்பர் பாதையிலும் மெகா பிளாக், அதாவது பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்திவைப்பது, உண்டா என்று பார்த்துக்கொண்டால், கல்யாணிலிருந்தும் பன்வெலிலிருந்தும் வருகிறவர்கள் அடுத்த மாதமும் வருவார்கள்.