கௌதாரியும் சகோரமும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கௌதாரி, சகோரம் இரண்டும் தரையில் மேயும் பறவைகள். முள்ளும் புதருமான சமவெளியில் வாழ்வது கௌதாரி. கல்லும் பாறையுமான வறண்ட மலைச்சரிவில் வாழ்வது சகோரம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் வாழும் மண்ணை மறந்துவிட்டு இறகை மட்டும் பார்க்கிறார்கள். குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

"சிவந்த கால் இருந்தால் சகோரம்" என்பார்கள். கௌதாரியின் காலும் மங்கிய சிவப்புதான். பறக்கும்போது வாலோரத்தில் தெரியும் செம்பழுப்பும் இரண்டுக்கும் பொது. முதுகைப் பாருங்கள். கௌதாரிக்கு உடம்பெல்லாம் நுண்ணிய வரிகள். உதிர்ந்த சருகுக்குள் நின்றால் கண்ணுக்கே தெரியாது. சகோரத்தின் முதுகு வரியில்லாத சாம்பல் நிறம், பாறையோடு பாறையாகிவிடும். விலாவில் மட்டும் அழுத்தமான பட்டைகள். நெற்றியில் தொடங்கும் கறுப்புக் கோடு கண் வழியாக இறங்கி வெளுத்த தொண்டையைச் சுற்றி வளைக்கும்.

நீளத்தை மட்டும் அளப்பது அடுத்த தவறு. ஆண் கௌதாரி 29 முதல் 34 செ.மீ., சகோரம் 32 முதல் 35 செ.மீ. ஏறக்குறைய ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் கௌதாரி 350 கிராமைத் தாண்டுவது அரிது. ஆண் சகோரம் அரைக் கிலோவுக்கு மேல். குளிர் மலையில் அந்தப் பருமன் உதவும்.

சகோரம் என்றால் உயரமான மலை என்று எழுதிவிடுவதும் சரியல்ல. இமயத்தில் 2,000 மீட்டருக்கு மேல் வாழும் அதே பறவை, கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் சாக்கடல் பகுதியிலும் இருக்கிறது. அதற்கு வேண்டியது உயரமல்ல. வறட்சி, சரிவு, பாறை.

என்னை அதிகம் வருத்துவது, "இவை சரியாகப் பறக்கத் தெரியாத பறவைகள்" என்ற பேச்சு. கௌதாரி புதருக்குப் புதர் ஓடும், வேறு வழியில்லாதபோது சட்டென்று எழுந்து கொஞ்ச தூரத்தில் மறுபடி புதருக்குள் இறங்கும். மறைவிடம் பக்கத்திலேயே இருக்கும்போது நெடுந்தூரம் எதற்குப் பறக்க வேண்டும்? சகோரம் மலையில் மேல்நோக்கி ஓடும், விரட்டினால் கீழ்நோக்கிப் பறக்கும். இந்த ஓட்டத்தில் இறக்கைக்கும் பங்கு உண்டு. கென்னத் டயல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பறக்கத் தொடங்காத சகோரக் குஞ்சுகளும் இறக்கையை அடித்துக்கொண்டே செங்குத்தான சரிவில் ஏறுவதைக் காட்டினார். இறக்கையடி உடம்பைச் சரிவோடு அழுத்துவதால் காலுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. பறவைகள் பறக்கத் தொடங்கியதே இப்படித்தானோ என்ற விவாதம் அதிலிருந்து சூடுபிடித்தது.

அப்புறம், இரவு. கௌதாரிக் கூட்டம் தாழ்ந்த முள்மரத்தில் அடையும். சகோரம் தரையில்தான். குளிர்காலத்தில் வெளிப்புறம் முகம் திருப்பி வட்டமாக நெருங்கி உட்காரும். மரமில்லாத சரிவில் தரையில் தூங்குவதைப் பார்த்துவிட்டு, அதை அசட்டையான பறவை என்று சொல்லாதீர்கள்.

இரண்டும் நெருங்கிய உறவு என்று நினைப்பதும் தவறு. மரபணு ஆய்வுகளின்படி கௌதாரி காட்டுக்கோழிக்குப் பக்கம். சகோரம் காடைக்குப் பக்கம். தோற்ற ஒற்றுமையில் பெரும்பங்கு, தரையில் மேய்ந்து திரியும் வாழ்க்கை கொடுத்தது. (சகோரத்தைச் சாதகத்தோடும் குழப்ப வேண்டாம். கவிதையில் நிலவொளியைக் குடிப்பது சகோரம், மழைத்துளிக்குக் காத்திருப்பது சாதகம். சாதகம் ஒரு குயில் இனம்.)

இடத்தைச் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு ஹவாயின் மாவி தீவைப் பாருங்கள். இரண்டையுமே மனிதர்கள்தான் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். இன்று கௌதாரி தாழ்வான வறண்ட புதர்வெளிகளில் கூவுகிறது, சகோரம் ஹலேயகலா எரிமலையின் மேல்சரிவில் பாறைகளுக்கிடையே ஓடுகிறது.