எக்கோவில் இதயம் இறைக்கும் ரத்தத்தை அளப்பது எப்படி

தர்மபுரிப் பக்கம் போர்வெல் போட்டவரிடம் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை இன்ச் தண்ணி?" என்பதுதான். எக்கோவில், அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேனில், நாம் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதேதான்: இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய் எவ்வளவு அகலம், ஒரு துடிப்பில் ரத்தம் எவ்வளவு தூரம் ஓடுகிறது, நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு.

"அண்ணா, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க" என்று சொல்லிவிட்டு, மார்பெலும்பின் இடது ஓரத்தில் புரோபை (ஸ்கேன் கருவியின் கைப்பிடி முனை) வைத்து இதயத்தின் நீளவாட்டுப் படத்தை எடுங்கள். பெருந்தமனி வால்வு (உடலுக்கு ரத்தம் போகும் பெரிய குழாயின் வாசல் கதவு) முழுசாகத் திறந்திருக்கும்போது படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, வால்வுக்குச் சற்றுக் கீழே உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புவரை அளக்க வேண்டும். இங்கேதான் நிதானம் தேவை, ஏனென்றால் பரப்பளவு என்பது 0.785 × விட்டம் × விட்டம், பிழையும் சேர்ந்து பெருகும். 2 செ.மீ. குழாயை 1.8 என்று குறித்தால் 3.14 சதுர செ.மீ. பரப்பு 2.54 ஆகிவிடும், நிமிடத்துக்கு நாலரை லிட்டர் இறைக்கும் இதயம் ரிப்போர்ட்டில் 3.7 லிட்டருக்கு இறங்கிவிடும். அதை நம்பி ஒருவரை ராத்திரியில் சேலத்துக்கு ஆம்புலன்ஸ் ஏற்றுவது சரியா? மூன்று முறை அளந்து பாருங்கள்.

அப்புறம் புரோபை இதய நுனிக்கு நகர்த்தி, ஐந்து அறைப் படத்தில் (நாலு அறைகளோடு பெருந்தமனி வாசலும் தெரியும் படம்), விட்டம் அளந்த அதே இடத்தில் பல்ஸ் டாப்ளரை (ஓரிடத்தில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் முறை) வையுங்கள். ரத்த ஓட்டத்துக்கும் டாப்ளர் கோட்டுக்கும் நடுவே 20 டிகிரிக்கு மேல் கோணம் வந்தால் அளவு குறைத்துக் காட்டும். கிடைக்கும் முக்கோண வரைபடத்தின் ஓரத்தை வரைந்தால் மெஷினே விடிஐ, அதாவது ஒரு துடிப்பில் ரத்தம் ஓடும் தூரம், சொல்லும், வழக்கமாக 18 முதல் 22 செ.மீ. வரை இருக்கும். மூன்று துடிப்புகளின் சராசரி எடுங்கள், துடிப்பு தாறுமாறாக இருந்தால் குறைந்தது ஐந்து.

கணக்கு: பரப்பு 3.14 × விடிஐ 20 = ஒரு துடிப்புக்குக் கிட்டத்தட்ட 63 மி.லி., அதை நிமிடத்துக்கு 72 துடிப்பால் பெருக்கினால் சுமார் 4.5 லிட்டர்.

ஈஎஃப் (இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் சதவீதம்) 60 என்று வந்துவிட்டதே, இது எதற்கு என்று கேட்காதீர்கள். ரத்தம் இழந்தவரின் சின்ன இதயம் இருப்பதை நன்றாகவே வெளியே தள்ளும், தள்ளுவதற்குத்தான் ரத்தம் இருக்காது.

ஷாக்கில் (உடலுக்குப் போதிய ரத்த ஓட்டம் போகாத ஆபத்தான நிலை) இருப்பவருக்கு நான் விடிஐயை மட்டும் தொடர்ந்து பார்ப்பேன், விட்டம் மாறாது அல்லவா. கால்களைத் தூக்கி வைத்து ஒரு நிமிடத்துக்குள் விடிஐ 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் அவருக்கு குளுக்கோஸ் பாட்டில் அல்ல, சலைன் (உப்பு நீர்) உதவும் வாய்ப்பு அதிகம். பெருந்தமனி வால்வு கசிபவரிடம் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள், உடலுக்குப் போகாமல் திரும்பி வரும் ரத்தமும் அதில் சேர்ந்திருக்கும்.