பசுமைக்குடில் ஸ்ட்ராபெரியில் பூஞ்சாண நோய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மொட்டை மாடியிலும் புறநகர்ப் பசுமைக்குடில்களிலும் ஸ்ட்ராபெரி வளர்ப்போரில் பலர், பழத்தில் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்த பிறகே மருந்தைத் தேடுகிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. இந்த அழுகலை உண்டாக்கும் பொட்ரைட்டிஸ் என்னும் பூஞ்சாணம் பெரும்பாலும் பூப்பருவத்திலேயே உள்ளே புகுந்து, காய் பழுக்கும்வரை வெளியே தெரியாமல் தங்கியிருக்கும். அழுகத் தொடங்கிய பழத்தை உற்றுப் பார்த்தால், காம்புப் பக்கத்தில், உதிராமல் ஒட்டிக்கொண்ட வாடிய இதழின் அடியிலேயே பெரும்பாலும் முதல் பழுப்புப் புள்ளி தெரியும்.

ஆகவே பூவை நனைப்பதையே மிகப் பெரிய தவறு என்பேன். மாலையில் பூவாளியால் செடியின் மேல் ஊற்றும் நீர், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் விடியும்வரை உலராது. பூஞ்சாணத்தின் வித்துகள் முளைக்க அந்த ஈரமே போதும். காலையில் சொட்டுநீர்க் குழாய் வழியே வேருக்கு மட்டும் நீர் கொடுப்பவர்கள்கூட, மழைக்குப் பயந்து இரவு முழுவதும் பக்கத் திரைகளை இறக்கி வைத்துவிடுகிறார்கள். பகல் வெப்பத்தில் செடிகள் வெளிவிட்ட நீராவி, கூரைத் தாள் குளிர்ந்ததும் அதன் உட்புறத்தில் முத்துமுத்தாகக் கோத்து, பூக்களின் மேலேயே சொட்டும். மழையில்லாத இரவுகளில் காற்று குறுக்கே ஓட வழிவிடுங்கள்; செடிகளை நெருக்கி நடாதீர்கள்.

இலை உலர்ந்திருந்தால் எந்த நோயும் வராது என்று நம்புவதும் தவறே. இலையடியில் வெள்ளை மாவு தூவியது போல் படரும் சாம்பல் நோய் என்னும் வேறொரு பூஞ்சாண நோய்க்கு நீர்ப்படலம் வேண்டியதில்லை, காற்றில் ஈரப்பதம் இருந்தாலே போதும். இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருள்வது அதன் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. அதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று எண்ணி மேலும் நீர் ஊற்றாதீர்கள்.

சென்னை வெப்பத்தில் ஆந்த்ராக்னோஸ் என்னும் மற்றொரு பூஞ்சாண நோய்க்கும் அஞ்ச வேண்டும். மலைப்பகுதியிலிருந்து வரும் நாற்று, பார்வைக்கு நலமாக இருந்தும் அதைச் சுமந்து வரலாம். 25 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் தெறிக்கும் நீரும் கிடைத்ததும் நோய் வெளிப்பட்டுப் பரவும். திடீரென வாடிய செடியின் தண்டடியை வெட்டிப் பார்த்தால் செம்பழுப்புக் கறை தென்படும். புதிய நாற்றுகளைச் சில வாரங்கள் தனியே வைத்துக் கவனியுங்கள். செடிகள் ஈரமாயிருக்கும்போது கவாத்து செய்யாதீர்கள்.

பூசணம் பிடித்த பழத்தைப் பிடுங்கித் தொட்டியிலேயே போடுவது பலருக்கும் பழக்கம். அசைத்தாலே அதிலிருந்து வித்துகள் கிளம்பிப் பக்கத்துப் பூக்களில் படியும் என்பதால், மெதுவாகப் பைக்குள் இட்டு, வாயைக் கட்டிக் குடிலுக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள். மருந்து தெளிக்க நேர்ந்தால், பழத்துக்கு அனுமதிக்கப்பட்டதையே பூப்பருவத்தில் தெளித்து, அடுத்த முறை வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் பொட்ரைட்டிஸ் விரைவில் அதை எதிர்க்கும் திறன் பெற்றுவிடும்.