பக்கம் முழுதும் வேண்டாம், பட்டியல் மட்டும் போதும்: ஜாங்கோவில் துண்டு டெம்ப்ளேட்

வேலந்தாவளத்தில் காய்கறிக் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு, அன்றைய விலையைக் காட்டும் ஒரு பக்கத்தை ஜாங்கோவில் (பைத்தானில் வலைத்தளம் கட்டும் கருவி) செய்து கொடுத்தேன். பாலக்காட்டுப் பக்கமிருந்து வாங்குகிறவர்கள் ஃபோனில் விலை பார்த்து, கீழே உள்ள பெட்டியில் ஆர்டர் எழுதுவார்கள். விலையைப் புதுப்பித்தால் பக்கம் முழுதும் மறுபடி லோடாகும். பாதி எழுதிய ஆர்டர் போய்விடும். பட்டியலை மட்டும் மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

முதலில், விலை வரிசைகளைத் தனி ஃபைலாகப் பிரியுங்கள். டேபிளின் டிபாடிக்குள் (வரிசைகள் இருக்கும் பகுதி) உள்ள ஃபார் லூப்பை அப்படியே வெட்டி, புது டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் ஹெச்டிஎம்எல் அச்சு) ஒட்டுங்கள். இதுதான் துண்டு டெம்ப்ளேட். வெட்டிய இடத்தில் இன்க்ளூட் டேக் போட்டு அந்த ஃபைலைக் கூப்பிடுங்கள். பக்கம் முன்பு போலவே தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

அப்புறம், இரண்டாவது வியூ (பிரவுசர் கேட்பதற்குப் பதில் அனுப்பும் ஃபங்ஷன்). அதே விலைகளை டேட்டாபேஸிலிருந்து எடுத்து, ரெண்டர் ஃபங்ஷனுக்குத் துண்டு டெம்ப்ளேட்டின் பெயரைக் கொடுங்கள். இதற்குத் தனி யூஆர்எல் வையுங்கள். நான் முதலில் ஒரே யூஆர்எல்லில், கோரிக்கையோடு வரும் ஹெடர் என்ற குறிப்பைப் பார்த்து முழுப் பக்கமா துண்டா என்று பிரித்து அனுப்பினேன். மாமா பேக் பட்டனை அழுத்தியதும் பிரவுசர் சேமித்து வைத்திருந்த துண்டை எடுத்துக் காட்டியது: தலைப்பு இல்லை, நிறம் இல்லை, வெறும் தக்காளியும் கத்தரிக்காயும். கோரிக்கை ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வந்ததா என்று பார்க்க, பழைய விளக்கங்களில் வரும் இஸ்-அஜாக்ஸ் மெத்தடையும் நம்ப வேண்டாம். ஜாங்கோ 3.1இல் அதைக் கைவிடுவதாகச் சொல்லி, 4.0இல் எடுத்தேவிட்டார்கள். அது தேடிய ஹெடரை ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி தானாக அனுப்பும், பிரவுசரிலேயே உள்ள ஃபெட்ச் அனுப்பாது.

சரி, இனி ஜாவாஸ்கிரிப்ட். பட்டனை அழுத்தியதும் ஃபெட்ச் அந்தத் தனி யூஆர்எல்லைக் கேட்கட்டும். 404, 500 போன்ற பிழை வந்தாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கருதாது. எனவே பதிலின் ஓகே மதிப்பைக் கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால் பிழைப் பக்கமே பட்டியலுக்குள் வந்து உட்காரும். ஓகே என்றால் டெக்ஸ்ட் மெத்தடால் வாங்கி, டிபாடியின் இன்னர் ஹெச்டிஎம்எல்லில் வையுங்கள். விலைகளை ஜேசன் என்ற தரவு வடிவில் அனுப்பத் தேவையில்லை. பெயர்களில் விஷமமான குறியீடு வந்தாலும் ஜாங்கோ டெம்ப்ளேட் அதைத் தானே செயலிழக்கச் செய்துவிடும்; ஜாவாஸ்கிரிப்டில் வரிகளை ஒட்டவைத்தால் அந்தக் கவலை நம் தலையில்.

வரிசைகள் மாறியதும் அவற்றில் மாட்டியிருந்த கிளிக் வேலை செய்யாது. கிளிக்கை டேபிளிலேயே மாட்டுங்கள், அது மாறுவதில்லை. ஆர்டரையும் ஃபெட்ச் வழியே போஸ்ட் செய்தால் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை (வேறு தளம் நம் பெயரில் போஸ்ட் செய்வதைத் தடுக்கும் ரகசியக் குறி) ஹெடரில் சேர்த்து அனுப்புங்கள். விட்டால் 403 (அனுமதி மறுப்பு) வரும்.

போன வாரம் மாமா, "மாப்ளே, மலையாளப் பேரும் போட்டுடு" என்றார். துண்டு டெம்ப்ளேட்டில் ஒரு வரி சேர்த்தேன். பக்கத்தைத் திறந்தாலும் சரி, பட்டனை அழுத்தினாலும் சரி, பெரிய வெங்காயத்துக்குக் கீழே 'சவாள' வந்து நின்றது.