அக்டோபர் பேஸ்பாலில் பந்தயம்: பழைய கணக்கு ஏன் பொய்க்கிறது

2023ஆம் ஆண்டு மேஜர் லீக் பேஸ்பாலின் வழக்கமான பருவத்தில் நூறு ஆட்டங்களையோ அதற்கு மேலோ வென்ற அணிகள் மூன்று: அட்லாண்டா பிரேவ்ஸ் 104, பால்டிமோர் ஓரியோல்ஸ் 101, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் 100. பருவம் முடிந்ததும் கோப்பைக்காக அக்டோபரில் நடக்கும் பிளேஆஃபில், தாங்கள் ஆடிய முதல் தொடரிலேயே மூன்றும் தோற்று வெளியேறின. இறுதித் தொடருக்கு வந்து சேர்ந்தவை 90 வெற்றிகள் பெற்ற டெக்சஸ் ரேஞ்சர்ஸும் 84 வெற்றிகள் பெற்ற அரிசோனா டைமண்ட்பேக்ஸும்தான். வெற்றிப் பட்டியலை மட்டும் பார்த்துப் பந்தயம் கட்டியவர்களின் பணம் அக்டோபர் பாதியிலேயே கரைந்திருக்கும்.

முதல் தவறு இதுதான்: வழக்கமான பருவத்தின் 162 ஆட்டங்களில் தெரிந்த பலம், மூன்று அல்லது ஐந்து ஆட்டங்களிலும் அப்படியே தெரியும் என்று நம்புவது. ஓர் அணி எதிரணியை ஒவ்வொரு ஆட்டத்திலும் வெல்ல 55 சதவீத வாய்ப்பு உள்ளது என்று வைத்துக்கொள்வோம். பேஸ்பாலில் இது நல்ல இடைவெளிதான். அந்த அணி மூன்று ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு சுமார் 57 சதவீதம், ஐந்து ஆட்டத் தொடரில் 59, ஏழு ஆட்டத் தொடரில் 61. தெளிவாகவே சிறந்த அணியும் ஏழு ஆட்டத் தொடர்கள் ஐந்தில் இரண்டைத் தோற்கும் என்பதுதான் இதன் பொருள்.

இங்கே விலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பந்தய நிறுவனம் ஓர் அணிக்கு மைனஸ் 150 என்று போட்டால், 100 டாலர் லாபம் பார்க்க 150 டாலர் கட்ட வேண்டும். நட்டமில்லாமல் தப்பிப்பதற்கே அந்த அணி 60 சதவீத முறை வென்றாக வேண்டும். எதிரணிக்கு பிளஸ் 130 என்றால், அதாவது 100 டாலர் கட்டினால் 130 டாலர் லாபம் என்றால், அங்கே தேவைப்படுவது சுமார் 43.5 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 103.5 வருகிறது, நூற்றுக்கு மேல் நிற்கும் அந்த மூன்றரைதான் நிறுவனத்தின் பங்கு. ஆகவே, யார் வெல்வார் என்பதை மட்டும் யோசிப்பவர் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார். வெல்லக்கூடிய அணியின் மீதே கட்டிவிட்டு, கொடுத்த விலை அதிகம் என்பதால் நாளடைவில் நட்டப்படுவது மிக எளிது. புகழ்பெற்ற அணிகளின் மீது ரசிகர்கள் குவியும் அக்டோபரில் இன்னும் எளிது.

எனக்குத் தெரிந்து, விவரம் அறிந்தவர்களே அதிகம் சறுக்கும் இடம், பந்து வீசும் பிட்சர் விஷயம். வழக்கமான பருவத்தில் ஓர் அணி ஐந்து ஸ்டார்ட்டர்களை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களை, சுழற்சியில் அனுப்புகிறது. இன்று யார் தொடங்குகிறார் என்பதே பந்தயத்தின் அச்சாணி. பிளேஆஃபில் அந்த ஸ்டார்ட்டர் எவ்வளவு நேரம் நிற்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. 2020 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே அணியின் ஸ்டார்ட்டர் பிளேக் ஸ்னெல் ஒன்பது பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து (பந்தை அடிக்கவிடாமல் வெளியேற்றி), இரண்டே ஹிட்களைக் கொடுத்து, முன்னிலையையும் காத்துக்கொண்டிருந்தார். 73 பந்துகள் வீசியிருந்த நிலையில், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் ஆறாவது இன்னிங்ஸில் மேனேஜர் கெவின் கேஷ் அவரை வெளியே அழைத்துக்கொண்டார். டாட்ஜர்ஸ் 3-1 என்று வென்று கோப்பையையும் எடுத்துச் சென்றது. ஸ்னெல்லை நம்பிக் கட்டியவர் ஸ்னெல்லைப் பற்றித் தவறாக எதையும் கணிக்கவில்லை. கேஷைப் பற்றி யோசிக்கவில்லை, அவ்வளவே.

2025 இறுதித் தொடர் இதை இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோனது. டொராண்டோ புளூ ஜேஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் 96 பந்துகள் வீசிய யோஷினோபு யமமோட்டோ, மறுநாளே ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸுக்காக மீண்டும் களமிறங்கி, பதினொன்றாவது இன்னிங்ஸ் வரை நின்று ஆட்டத்தை முடித்துவைத்தார். பருவத்தின் நடுவில் எந்த மேனேஜரும் செய்யத் துணியாத காரியம் அது. ஆகையால், பிளேஆஃப் பந்தயத்தில் ஸ்டார்ட்டரின் பெயரைவிட, முந்தைய இரண்டு மூன்று நாட்களில் புல்பென்னில், அதாவது ஸ்டார்ட்டருக்குப் பின் வரும் மாற்றுப் பிட்சர்களில், யார் எத்தனை பந்து வீசினார்கள், அடுத்த நாள் ஓய்வுநாளா, தோற்றால் தொடரே முடிந்துவிடுமா என்பவற்றைப் பார்ப்பது பயன் தரும். ஸ்டார்ட்டரைப் பற்றி மட்டுமே உறுதியான கருத்து உள்ளவருக்கு, முதல் ஐந்து இன்னிங்ஸுக்கான தனிப் பந்தயம் ஓரளவு பொருந்தும். அறிவிக்கப்பட்ட பிட்சர் மாறினால் பந்தயம் ரத்தாகுமா, நிற்குமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கட்டுவதற்கு முன் விதியைப் படித்துவிட வேண்டும்.

‘இந்த அணிப் பக்கம் அலை வீசுகிறது’ என்று கட்டுவது அடுத்த தவறு. அதே 2025 தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் நீண்டு, டாட்ஜர்ஸ் 6-5 என்று வென்றது. புளூ ஜேஸ் மனமொடிந்துவிட்டது என்று பலரும் எண்ணினார்கள். அந்த அணியோ அடுத்த இரண்டு ஆட்டங்களையும் எதிரணியின் மைதானத்திலேயே 6-2, 6-1 என்று வென்றது. இதற்கு நேர்மாறான பாடத்தைக் கற்பதும் ஆபத்து. 2019 இறுதித் தொடரின் ஏழு ஆட்டங்களையும் வெளியூர் அணியே வென்றதையும், 2023இல் ரேஞ்சர்ஸ் வெளியூரில் ஆடிய பதினொரு பிளேஆஃப் ஆட்டங்களையும் வென்றதையும் வைத்து, சொந்த மைதானத்துக்கு அக்டோபரில் மதிப்பில்லை என்று முடிவு கட்டுவோர் உண்டு. ஏழும் பதினொன்றும் சிறிய எண்ணிக்கைகள்; அவற்றிலிருந்து விதி எதுவும் பிறக்காது.

ஒன்றரை ரன் வித்தியாசம் கேட்கும் ரன் லைன் பந்தயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டாவதாக பேட் செய்யும் உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால், ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதியில் அது பேட் செய்வதே இல்லை. சமநிலையில் இருந்தால், பந்தை மைதானத்துக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன் தவிர மற்ற வழிகளில் வெற்றி ரன் வந்ததுமே ஆட்டம் முடிந்துவிடும். இரண்டு ரன் வித்தியாசத்துக்கான வாய்ப்பு இதனால் அந்த அணிக்குச் சுருங்குகிறது. கூடுதல் லாபம் என்று தெரியும் விலையில் இந்தக் குறை ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

பல பந்தயங்களை ஒன்றாகக் கோர்க்கும் பார்லேயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கணக்கே சொல்லிவிடும். மைனஸ் 110 விலையில், ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்புள்ள நான்கு பந்தயங்களைக் கோர்த்தால், பதினாறில் ஒரு முறைதான் நான்கும் பலிக்கும். நியாயமாகப் பார்த்தால் 10 டாலருக்கு 160 வர வேண்டும். கைக்கு வருவது சுமார் 133. கனடாவில் 2021 ஆகஸ்ட் வரை ஒரே ஆட்டத்தின் மீது பந்தயம் கட்டுவது சட்டப்படி கூடாது, கோர்த்துக் கட்டினால் கூடும். இருப்பதிலேயே மோசமான பந்தயத்தை மட்டும் அரசு அனுமதித்திருந்தது என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது.

கடைசியாக, தோற்ற பணத்தைத் துரத்துவது. பத்து டாலரில் தொடங்கி ஒவ்வொரு தோல்விக்கும் தொகையை இரட்டிப்பாக்கினால், ஆறு தோல்விகளில் 630 டாலர் போயிருக்கும். கட்டிய தொகையே லாபமாகக் கிடைக்கும் விலையில் ஏழாவதாக 640 கட்டி வென்றாலும் மிஞ்சுவது பத்து டாலர். 2025 இறுதித் தொடரின் அந்த ஏழாவது ஆட்டத்தை டொராண்டோவில் நண்பர்களோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் அடித்த ஹோம் ரன் ஆட்டத்தைச் சமன் செய்ததும் எங்களில் ஒருவர் கைபேசியை எடுத்தார். பின்பாதியில், ஒரு ரன் வந்தால் வெற்றி என்ற நிலையில் மூன்று பேஸ்களிலும் புளூ ஜேஸ் ஆட்கள் நின்றபோது, அணியின் விலை மிகவும் ஏறியிருந்த அந்த நொடியில், முன்பு கட்டியதைப் போல இரு மடங்கைக் கட்டினார். ரன் எதுவும் வரவில்லை. பதினொன்றாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் வில் ஸ்மித் அடித்த ஹோம் ரன்னோடு 5-4 என்று எல்லாம் முடிந்தது. பேஸ்பாலில் அந்த ஆண்டு துரத்துவதற்கு வேறு ஆட்டம் இல்லை. மறுநாள் ஹாக்கியில் கட்டினார்.